சமூகப்பணி மேற்படிப்பும் திருப்பூர் மாணவரும்

இளங்கலை வகுப்பின் இறுதியாண்டை நெருங்கும் மாணவர் ஒவ்வொருவரையும் வீட்டிலும் வீதியிலும் ஆலய வாயிலிலும் எதிர்ப்படுவோர் எல்லாரும் கேட்கும் வினா ஒன்று உண்டு. ‘அடுத்து என்ன செய்யப் போகிறாய்?’ என்பதே அது. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்போர்க்கு இவ்வினாவுடன் விடையும் சேர்த்தே அளிக்கப்படுவது வழக்கம். ஆசிரியப் பயிற்சி, அரசுத் தேர்வு, இவ்விரண்டும் வாய்க்காவிடின் பனியன் கம்பெனியில் கணக்கெழுதும் வேலை என்பனவே அவ்விடைகள். திருப்பூரிலிருந்து நாள்தோறும் இரயிலேறிக் கல்லூரிக்கு வரும் எம்மைப் போன்றோர்க்கு மூன்றாம் விடையே முதலில் கிடைக்கும்.

இவற்றுள் எதனையும் இழிவென்று கூறுதல் எம் கருத்தன்று. ஆயினும், இவற்றிற்குப் புறம்பே வேறொரு வழி உண்டென்பதும், அவ்வழிக்குத் தமிழ் மாணவர் தகுதியற்றவர் அல்லர் என்பதும் நம்மிற் பலர் அறியாதன. அவ்வழி சமூகப்பணி முதுகலைப் படிப்பாகும். எம்.எஸ்.டபிள்யூ. என்னும் எழுத்துக்களால் வழங்கும் இப்படிப்பு யாது, எங்குக் கற்கலாம், விண்ணப்பிப்போர் அறிய வேண்டுவன யாவை என்பவற்றை, அதற்கு விண்ணப்பிக்க முனைந்துள்ள மாணவர் என்னும் முறையில், கேட்டும் படித்தும் அறிந்த அளவிற்கு ஈண்டுக் கூறப் புகுகின்றோம். இடையே எம் பிழை ஒன்றும் இடம்பெறும். அப்பிழையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சமூகப்பணி என்றவுடன் பலருடைய உள்ளத்தில் எழுவது, பண்டிகைக் காலத்தில் ஏழையர்க்கு வேட்டியும் சேலையும் வழங்கும் காட்சியே. அது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இப்படிப்பு அதனைப் பற்றியதன்று. திருவள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ என ஓர் அதிகாரமும், அதனை அடுத்து ‘ஈகை’ எனப் பிறிதோர் அதிகாரமும் வகுத்தமை நாம் அறிந்ததே. இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரம் வேண்டா. இல்லாதவனுக்கு உள்ளவன் கொடுப்பது ஈகை. ஊராரோடு கூடி வாழ்பவன் அக்கூட்டு வாழ்விற்குத் தான் ஆற்ற வேண்டும் கடமையை உணர்ந்து நடப்பது ஒப்புரவு. மணிமேகலைக் காப்பியத்திலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். அமுதசுரபியால் பசித்தோர்க்கு உணவளித்த மணிமேகலை அதனோடு அமையவில்லை. சோழ மன்னனிடம் சென்று, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டினாள். உணவளித்தது ஈகை, துன்பம் விளையும் இடத்தையே மாற்ற முற்பட்டது அதனினும் மேற்பட்டதொரு செயல். சமூகப்பணியாளர் கற்பது இந்த இரண்டாம் செயலின் முறைகளையே ஆகும்.

இத்துறை மேனாட்டில் கல்வியாக உருப்பெற்ற வரலாற்றைச் சுருக்கிக் கூறுவாம். 1884ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் டாயின்பி மாளிகை நிறுவப்பெற்றது. பல்கலைக்கழக மாணவர் ஏழைத் தொழிலாளர் நடுவே குடியிருந்து பணி செய்தல் அதன் நோக்கம். அதனைக் கண்டு வந்த ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1889இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஹல் மாளிகையைத் தொடங்கினார். 1931ஆம் ஆண்டில் சமாதானத்திற்கான நோபெல் பரிசு பெற்றவரும் அவரே. நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்னும் உணர்ச்சி வலுப்பெறவே, 1898இல் நியூயார்க்கில் ஒரு கோடைகாலப் பயிற்சி வகுப்பும், 1899இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு முழுப் பயிற்சிப் பள்ளியும் தோன்றின. மேரி ரிச்மண்ட் அம்மையார் 1917இல் வெளியிட்ட ‘சமூக நோயறிதல்’ என்னும் பொருளுடைய ஆங்கில நூல், ஒரு குடும்பத்தின் இடர்ப்பாட்டை ஒழுங்காக ஆராயும் முறையை வகுத்தது. பிணி யாது, அதன் காரணம் யாது, அதனைப் போக்கும் முறை யாது என வரிசைப்படுத்தி ஆராய வேண்டுமென்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் மருத்துவனுக்குக் கூறியதை, அவ்வம்மையார் சமூகப்பணியாளர்க்குக் கூறினார் எனலாம்.

நம் நாட்டில் இக்கல்வி 1936ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கியது. சர் தோராப்ஜி டாட்டா பெயரால் அமைந்த அப்பள்ளியின் முதல் தலைவர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்க மிஷனரியார். அவர் பம்பாயின் நாகபாடாப் பகுதியில் உழைப்பாளி மக்களிடையே பணி செய்து வந்தவர். ‘இரக்கமுள்ளோர் பலர் உளர், பயிற்சியுள்ளோர் எங்கே?’ என்பதே அவர் போன்றோரை வருத்திய வினா. அப்பள்ளி 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. நம் மாநிலத்தில், மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952ஆம் ஆண்டு சென்னை சமூகப்பணிப் பள்ளி நிறுவப்பெற்றது. மிஷன் கல்லூரி மாணவர் இவ்வரலாற்றில் ஒன்றைக் கருத வேண்டும். நல்ல சமாரியன் அடிபட்டவனுக்குக் காயம் கட்டியதோடு சென்றுவிடவில்லை. சத்திரத்தில் சேர்த்துச் செலவிற்குப் பொருள் கொடுத்து, மீண்டும் வருவதாகவும் உரைத்தான். ஏற்ற இடத்தில் சேர்த்தலும் மீண்டும் வந்து பார்த்தலும் இன்று சமூகப்பணி வகுப்பில் தனித்தனிப் பாடங்கள்.

இனிப் படிப்பின் அமைப்பைக் காண்போம். இது 2 ஆண்டுகள், 4 பருவங்கள் கொண்டது. தனியாள் பணி, குழுப்பணி, சமுதாய ஒருங்கமைப்பு, சமூகநல நிருவாகம், சமூக ஆராய்ச்சி, சமூகச் செயற்பாடு என்னும் 6 முறைகள் இதன் அடிப்படை. முதலாண்டில் இவற்றோடு சமூகவியல், உளவியல், சட்டம் ஆகியவற்றின் தோற்றுவாயும் கற்பிக்கப்படும். இரண்டாமாண்டில் மாணவர் ஒரு சிறப்புப் பிரிவைத் தேர்ந்து கொள்வர். சமுதாய மேம்பாடு, மருத்துவமும் மனநலமும், குடும்பமும் குழந்தை நலமும், மனிதவள மேலாண்மை என்பன பெரும்பாலான கல்லூரிகளில் காணப்படும் பிரிவுகள். இவை அனைத்தும் ஒவ்வொரு கல்லூரியிலும் இரா. ஆதலின் விண்ணப்பிக்கு முன்னரே கேட்டறிதல் நலம்.

இப்படிப்பைப் பிற முதுகலைப் படிப்புக்களினின்றும் வேறுபடுத்துவது களப்பணி. வாரத்தில் 2 நாட்கள் மாணவர் வகுப்பிற்கு வாரார். மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், சிறைச்சாலை, தொழிற்சாலை, சேரி, கிராமம் ஆகியவற்றுள் ஒன்றிற் பணி செய்வர். செய்ததை அன்றன்றே அறிக்கையாக எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். யாரைக் கண்டோம், அவர் கூறியது யாது, நாம் கூறியது யாது, எவ்விடத்தில் தவறினோம் என்பவை அவ்வறிக்கையில் இடம்பெறும். பின்னர்க் கிராம முகாமும், இறுதியில் ஏறத்தாழ ஒரு மாத காலம் ஓரிடத்திலேயே தங்கிச் செய்யும் பயிற்சியும் உண்டு. புத்தகத்தை மட்டும் நம்பித் தேறலாம் என எண்ணுவோர்க்கு இப்படிப்பு ஏற்றதன்று.

நிற்க. இக்கல்விக்கும் திருப்பூருக்கும் உள்ள தொடர்பு யாது? 1925ஆம் ஆண்டை ஒட்டிச் சில பின்னல் எந்திரங்களோடு தொடங்கிய பனியன் தொழில், 1970களின் இறுதியிலிருந்து ஏற்றுமதியால் பெருகி, நொய்யற்கரையில் இருந்த சிற்றூரைப் பெருநகரமாக்கியது. 2009இல் அது தனி மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல கை மாறியே ஒரு பனியன் உருப்பெறுகின்றது. அக்கைகளோ கொங்கு நாட்டுக் கைகள் மட்டும் அல்ல. தேனி, மதுரை, திண்டுக்கல் முதலிய மாவட்டத்தாரும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலத்தாரும் லைன் வீடுகளில் அடுத்தடுத்துக் குடியிருக்கின்றனர். ஒரே குழாயடியில் நான்கு மொழிகள் கேட்கும். சனிக்கிழமை மாலையில் சம்பளம் எண்ணும் விரல்களுக்கு மொழி வேறுபாடு இல்லை.

இந்நகரில் மேற்கூறிய முறைகள் ஒவ்வொன்றிற்கும் இடமுண்டு. குடியால் குடும்பம் சிதைந்து, பள்ளி செல்லாது கம்பெனிக்குச் செல்லத் தொடங்கும் சிறுவன் ஒருவனை மீட்பது தனியாள் பணி. விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் தம் குறைகளைத் தாமே பேசக் கூடும் கூட்டத்தை அமைப்பது குழுப்பணி. மூன்றாண்டு உழைப்பின் முடிவில் திருமணத்திற்குதவும் தொகை தருவதாகக் கூறி, நூற்பாலைகளில் இளம் பெண்களைச் சேர்த்த ‘சுமங்கலித் திட்டம்’ போன்றதொரு வழக்கத்தை ஆராய்ந்து, அதற்கெதிராகச் சட்டத்தையும் பொதுமக்கள் கருத்தையும் திரட்டுவது சமூகச் செயற்பாடு. ஆறாவது முறையைக் கல்லூரிகள் கற்பிக்கு முன்னரே இவ்வூர்த் தொழிலாளர் அறிந்திருந்தனர் என்றும் கூறலாம். 1984ஆம் ஆண்டில் பஞ்சப்படி கோரி 127 நாட்கள் அவர் நடத்திய வேலை நிறுத்தம் இவ்வூர் வரலாற்றில் நிலைத்துள்ளது.

சமூகத்தின் துன்பம் எத்துணைச் சிக்கலானது என்பதற்குச் சாயப்பட்டறைகளின் கதை ஒன்றே போதும். பட்டறைக் கழிவு நொய்யலிற் கலந்து, 1992இல் பாசனத்திற்காகக் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையைச் சாயநீர்த் தேக்கமாக்கியது. கீழ்ப்புறத்து உழவர் தம் கிணறும் நிலமும் கெட்டு நீதிமன்றத்தை நாடினர். கழிவு நீரை ஒரு துளியும் வெளியேற்றாத முறையை மேற்கொள்ளாத பட்டறைகளை மூடுமாறு 2011ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. உழவர்க்கு அது நீதி. அன்று வேலையிழந்த சாயப்பட்டறைக் கூலியாளுக்கு அதுவே பசி. இவ்விருவரில் ஒருவர் பக்கம் மட்டும் நின்று மற்றவரைப் பகைப்பது எளிது. இருவர் வீட்டிலும் அமர்ந்து இருவர் சொல்லையும் கேட்டு, பின்னர் வழி காண்பது அரிது. அவ்வரிய செயலுக்கே பயிற்சி வேண்டப்படுகின்றது.

இனி விண்ணப்பிக்கும் முறை. பெரும்பாலான கல்லூரிகளில் இப்படிப்பிற்கு எந்த இளங்கலைப் பட்டமும் ஏற்கப்படும். தமிழ் படித்தவர், வணிகவியல் படித்தவர், தாவரவியல் படித்தவர் எல்லாரும் விண்ணப்பிக்கலாம். திருப்பூர் மாணவர்க்கு அண்மையில் உள்ளவை கோயம்புத்தூர்ப் பூ.சா.கோ. கலை அறிவியல் கல்லூரியும் பாரதியார் பல்கலைக்கழகமும் ஆகும். திருச்சியில் பிஷப் ஹீபர் கல்லூரி, மதுரையில் சமூக அறிவியல் கல்லூரி, சென்னையில் சமூகப்பணிப் பள்ளி, இலயோலாக் கல்லூரி, தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்பவற்றிலும் இப்படிப்பு உண்டு. ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருத்தல் கூடும். இரண்டிற்கும் கட்டணம் மிக வேறுபடும். எப்பிரிவிற்கு விண்ணப்பிக்கின்றோம் என்பதை அறியாது பணம் கட்டிப் பின்னர் வருந்துவோர் உளர்.

மத்தியப் பல்கலைக்கழகங்களின் வழி வேறு. 2022ஆம் ஆண்டு முதல் முதுகலைப் படிப்புக்களுக்கென நாடு முழுவதற்கும் பொதுவான நுழைவுத் தேர்வு ஒன்று நடைபெறுகின்றது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும், 2023 முதல் டாட்டா நிறுவனமும் அத்தேர்வின் வழியே மாணவரைச் சேர்க்கின்றன. அத்தேர்விற்கு விண்ணப்பிக்கும் காலம் பெரும்பாலும் நம் ஐந்தாம் பருவத் தேர்வை ஒட்டியே வந்துவிடும். இறுதித் தேர்வு முடியட்டும் என்று காத்திருப்பவர் அவ்வாண்டை இழப்பர். நம் மாநிலக் கல்லூரிகளின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அதன் பின்னரே வெளிவரும். நாட்கள் ஆண்டுதோறும் மாறுதலின், அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்ப்பதே தக்கது.

சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு சொல். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், முடிந்த பருவங்களின் மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்பன எங்கும் வேண்டப்படும். மாநில அரசு வழங்கும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது; அங்கே மேல்தட்டுப் பிரிவினர் அல்லர் எனக் குறிக்கும் தனிச் சான்றிதழ் கேட்கப்படும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறச் சில நாட்களாகும். தாயோ தந்தையோ ஒரு நாட் கூலியை இழந்து நம்முடன் வரிசையில் நிற்க நேரும் குடும்பங்களில், இதனை முன்னறிந்து செய்தல் சிறிய உதவியன்று.

கல்லூரிகள் பலவும் எழுத்துத் தேர்வு, குழுக் கலந்துரையாடல், நேர்முகம் என்பவற்றுள் ஒன்றோ பலவோ நடத்துகின்றன. குழுக் கலந்துரையாடலில் உரக்கப் பேசுவோரே வெல்வர் என்பது மாணவரிடை நிலவும் தவறான எண்ணம். பிறர் பேசியதைக் கேட்டு, அதிலிருந்து மேற்செல்பவரே இத்துறைக்கு ஏற்றவர் என்பதைச் சற்றுச் சிந்திப்போர் உணர்வர். இவற்றோடு, ‘நீவிர் சமூகப்பணி கற்க விழைவது ஏன்?’ என்னும் வினாவிற்குச் சில பத்திகளில் விடை எழுதுமாறும் கல்லூரிகள் சில பணிக்கும். அவ்விடையை நோக்க உரை எனலாம். எம் பிழை நேர்ந்தது இவ்விடத்தேதான்.

யாம் முதலில் எழுதிய நோக்க உரை மிக அழகியது என்றே கருதியிருந்தோம். ‘கண்ணீர்க் கடலில் மூழ்கிக் கரைகாணாத் திருப்பூர்த் தொழிலாள மாந்தர்’ என்று தொடங்கி, ‘அவர்தம் இருளகற்ற யாம் ஒரு சிறு விளக்காகுக’ என்று முடித்திருந்தோம். எதுகையும் மோனையும் குறைவின்றி அமைந்திருந்தன. எம் அத்தை ஒருவர் செக்கிங் மேசையில் இருபது ஆண்டுகளாக நிற்பவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டிற்கு வந்த அவரிடம் அதனைப் பெருமிதத்தோடு படித்துக் காட்டினோம். அவர் முழுவதும் கேட்டார். பின்னர், “ஏங்கண்ணு, நம்மளயெல்லாம் அழுகற சனமாவே எழுதியிருக்கறயே, பொழைக்கற சனம்னு ஒரு வரி கூட இல்லையே?” என்றார்.

எமக்கு விடை தோன்றவில்லை. அத்தையாரிடம் அவர் கம்பெனியைப் பற்றி ஒருநாளேனும் யாம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவிற்கு வந்தது. அன்று மாலை கேட்டோம். காலை எட்டரை மணி முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்டு நிற்கும் நாட்களில் கால் வீங்குவதைக் கூறினார். அதனை மட்டும் கூறவில்லை. தம் மேசையைச் சேர்ந்த பெண்கள் சீட்டுப் பிடித்து ஒருத்தியின் மகளைச் செவிலியர் படிப்பில் சேர்த்ததைக் கூறினார். இரவு வேலை முடிந்தால் ஒருத்தியும் தனியே செல்லலாகாது என்று தமக்குள்ளே விதி வகுத்துக் கொண்டதைக் கூறினார். புதிதாக வந்த ஒடிசாப் பெண் ஒருத்திக்குத் தமிழ் எண்களை விரலால் காட்டிக் கற்பித்ததைக் கூறினார். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் வேலை நின்றபோது, இரயிலேறிச் சொந்த ஊர் சென்ற அப்பெண் திரும்பி வரும் வரை அவள் வீட்டுப் பாத்திரங்களை ஒருத்தி காத்திருந்ததையும் கூறினார்.

இவற்றுள் ஒன்றும் எம் நோக்க உரையில் இல்லை. யாம் விளக்காகச் செல்ல எண்ணிய இடத்தில் ஏற்கெனவே விளக்குகள் எரிந்து கொண்டிருந்தன. அவற்றைக் காணாதது எம் கண்ணின் குறை. இல்லாதது யாது என்பதை மட்டும் எண்ணிச் செல்பவன் கொடுக்க மட்டுமே கற்பான். இருப்பது யாது என்பதையும் கேட்டறிபவனே உடன் நின்று பணி செய்யக் கற்பான். சமூகப்பணி நூல்கள் மக்களின் வலிமையிலிருந்து தொடங்குக என்று கூறுவதன் பொருளை எமக்கு விளக்கியவர் எம் அத்தையாரே.

அதன் பின் எமக்கு ஒரு துணிவும் பிறந்தது. தமிழ் படித்தவனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று கேட்போர்க்கு விடை தொல்காப்பியத்திலேயே கிடைத்தது. செய்யுளியலில் ஆசிரியர் செய்யுளுக்குரிய உறுப்புக்களாகக் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு முதலியவற்றை வகுக்கின்றார். ஓர் அகப்பாட்டை எடுத்தவுடன் நாம் கற்ற முதற் பாடம் யாது? பேசுவோர் யாவர், யாரை நோக்கிப் பேசுகின்றனர், எவ்விடத்து, எக்காலத்து, எப்பயன் கருதி, சொல்லாது விட்டது யாது எனக் கேட்டல் அன்றோ? தாய் ஒருத்தி மருத்துவமனையில் சமூகப்பணியாளர் முன் அமர்ந்து பேசும்பொழுது கேட்க வேண்டுவனவும் இவையே. கணவன் அருகில் நிற்கும்போது அவள் கூறுவது ஒன்று. அவன் அகன்றபின் கூறுவது மற்றொன்று. கேட்போர் மாறினால் கூற்று மாறும் என்பதை மூன்றாண்டு பயின்ற தமிழ் மாணவன் இத்துறைக்கு வெறுங்கையோடு செல்லவில்லை.

ஆங்கிலத்தைப் பற்றிய அச்சம் மெய்யானது. அதனை மறைப்பதிற் பயனில்லை. வகுப்பும் அறிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமையும். எனவே, எஞ்சியுள்ள மாதங்களில் நாள்தோறும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுதல் வேண்டும். ஆயினும் லைன் வீட்டு வாயிலில் ஆங்கிலம் செல்லாது. அங்கு வேண்டுவது நல்ல தமிழ். திருப்பூரிலோ சிறிது இந்தியும் வேண்டும்.

பொருள் நிலையையும் எண்ண வேண்டும். இரண்டாண்டுக் கட்டணம் ஒரு செலவு. அவ்விரண்டாண்டும் சம்பளம் இன்றி இருத்தல் அதனினும் பெரிய செலவு. எம் வீட்டில் அக்கையார் ஓவர்லாக் எந்திரத்தில் அமர்ந்திருப்பதாலேயே யாம் கல்லூரி இருக்கையில் அமர்ந்திருக்கின்றோம். தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் சிறிது. கம்பெனிகளில் மனிதவளப் பிரிவில் அதனினும் மிகுதி. ஆகவே பலர் இரண்டாமாண்டில் அச்சிறப்புப் பிரிவை நாடுவர். அவர்களைக் குறை கூறுதல் தகாது.

எனினும் அவ்வழிச் செல்வோர் ஒன்றை மறத்தலாகாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் இருத்தல் வேண்டும் என விதித்தது. 2020இல் நிறைவேறிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணை 250ஆகக் குறைத்தது. சம்பளம் தருபவர் முதலாளி. நலம் காக்கப்பட வேண்டியவர் தொழிலாளி. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்பத்தைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், 10 பேருக்குக் குறையாது வேலை செய்யும் இடங்களில் விசாரணைக் குழு அமைக்கச் சொல்கின்றது. அக்குழு பெயருக்கு இருப்பதும், பெண்கள் நம்பி வந்து பேசும் இடமாக இருப்பதும் பெரும்பாலும் அதனை நடத்துவோர் கையிலேயே உள்ளன. இருவரிடை நிற்கும் அலுவலர் யாருக்குக் காது கொடுப்பார் என்பதே அவர் பட்டத்தின் மதிப்பை அளக்கும் கோல்.

ஒரு கல்லூரி வகுப்பறையில் தோன்றும் சிறு முயற்சி எவ்வளவு தூரம் செல்லும் என ஐயுறுவோர்க்கு ஒரு சான்று தருவோம். இடர்ப்படும் குழந்தைகளுக்கான 1098 என்னும் தொலைபேசி எண்ணை அறியாதார் இலர். அது 1996ஆம் ஆண்டில் பம்பாயில் டாட்டா நிறுவனத்தின் களச்செயல் திட்டமாகத் தொடங்கியது. தெருவில் வாழ்ந்த குழந்தைகளோடு பணி செய்த ஜெரூ பில்லிமோரியா அம்மையார் அதனைத் தோற்றுவித்தார். பின்னர் அது நாடெங்கும் பரவிற்று. குழந்தை பேசுவதைக் கேட்க ஒருவர் எந்நேரமும் இருத்தல் வேண்டும் என்பதே அதன் வித்து.

நண்பர்களே, இவ்வாண்டு யாம் மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க உள்ளோம். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ அறியோம். வீட்டில் இசைவு பெறுவதும் இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆனால் நோக்க உரையைப் புதிதாக எழுதிவிட்டோம். அதில் கண்ணீர்க் கடலும் இல்லை, சிறு விளக்கும் இல்லை. செக்கிங் மேசையைச் சுற்றி நிற்கும் பெண்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒரு விதியில் அது தொடங்குகின்றது. அவ்விதி அவர்க்கு ஏன் வேண்டியதாயிற்று என்பதையும், அதற்கு வேண்டாத நிலையை உண்டாக்க என்ன கற்க வேண்டும் என்பதையும் எழுதினோம். முன்னையதினும் அது குறுகியது, அழகும் குறைவே.

அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க எண்ணும் மாணவர்க்கு யாம் கூறத்தக்க அறிவுரை ஒன்றே. நீவிர் எழுதியதை ஆசிரியரிடம் காட்டுக. அவர் மொழியைத் திருத்துவார். அதற்கு முன், நீவிர் யாரைப் பற்றி எழுதினீரோ அவரிடம் படித்துக் காட்டுக. அவர் தலையசைப்பாராயின், பிறகு அதனை அனுப்புக.